மாவுக்கட்டு இல்லாத தோள்

என் கணவர் தோளை உடைத்துக்கொண்ட அன்று ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. நேரே என்னிடம் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "சுளுக்கிக்கிச்சு. கொஞ்சம் தடவி வுடு" என்றார். நான் அப்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருந்தேன். முகம் கழுவுவதா, டீ போடுவதா, அப்படியே சுவரோரம் சாய்ந்துவிடுவதா என்று தெரியாமல் நின்றிருந்தேன்.

என்னிடம் வந்ததற்குக் காரணம் உண்டு. எனக்கு இரட்டைப் பெண்கள். இரட்டைப் பிள்ளை பெற்றவள் தடவினால் சுளுக்கு ஓடிப்போகும் என்பது எங்கள் திண்டிவனத்தில் வேதவாக்கு. நான் எம்.ஏ., பி.எட். படித்தவள். அந்தப் படிப்பைத் தேடி எங்கள் தெருவில் ஒருத்தரும் என் வீட்டுப் படி ஏறியதில்லை. பிரசவம் முடிந்து வந்த பிறகுதான் ஏற ஆரம்பித்தார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் வீறிட்டு அழுதபோது எட்டிப் பார்க்காத தெரு, கழுத்து பிடித்துக்கொண்டால் மட்டும் விடியற்காலையில் வந்து கதவைத் தட்டும். வெறும் வயிற்றில் மூன்று நாள் தடவ வேண்டும், காசு கொடுக்கக் கூடாது, போகும்போது சொல்லிக்கொண்டு போகக் கூடாது. கடைசி விதி அவர்களுக்கு ரொம்ப வசதி.

எனக்கு அதில் துளி நம்பிக்கையும் கிடையாது. ஆனால் வராதே என்று சொல்வதற்கும் தெம்பு வேண்டுமே. தடவிவிட்டு அனுப்புவது அதைவிட லேசு. பெண்கள் இரண்டு பேரும் வளர்ந்து, படித்து, ஒருத்தி பெங்களூருக்கும் ஒருத்தி சென்னைக்கும் போய்விட்டார்கள். கைக்கு மட்டும் இன்னும் ஓய்வு வரவில்லை. ஒன்றே ஒன்றில் பிடிவாதமாக இருந்தேன். வீங்கியிருந்தால் தொடமாட்டேன். ஒரு முறை எதிர்வீட்டு அம்மா பாத்ரூமில் வழுக்கிக் கையை ஊன்றிவிட்டு வந்தார். மணிக்கட்டு கரண்டி மாதிரி வளைந்திருந்தது. அதைப் போய்த் தடவச் சொன்னார். "படம் எடுத்துட்டு வாங்க, அப்புறம் பாக்கலாம்" என்று அனுப்பினேன். எலும்பு உடைந்துதான் இருந்தது. அதற்காக அவர் எனக்கு நன்றி சொல்லவில்லை. நான் தடவியிருந்தால் அப்போதே கூடியிருக்கும் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அதனால் கணவரின் சட்டையைத் தோளிலிருந்து மெல்ல இறக்கிப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டேன். தோள் உருண்டை வீங்கிப் பளபளத்தது.

"எப்படி ஆச்சு?"

"டோல்கேட்டாண்ட ஒரு லாரிக்காரன் சடார்னு நிறுத்திட்டான். நம்ம டிரைவர் பிரேக் அடிச்சாரு. சீட்டுக் கம்பில போய் மோதிக்கினேன். சும்மா சுளுக்குதான்."

அவர் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே கல்யாணத்துக்கு முன்பிருந்தே போய் வந்துகொண்டிருக்கிறார். மோதிய பிறகும் இறங்கவில்லை. துண்டில் கையைக் கட்டிக்கொண்டு விழுப்புரம் வரை டிக்கெட் போட்டு, திரும்பி வரும் டிரிப்பையும் முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்திருக்கிறார்.

"இது சுளுக்கு இல்லீங்க. படம் எடுக்கணும்."

"ஊரு சனத்துக்கெல்லாம் தடவற. கட்ன புருசனுக்கு மாட்டியா?"

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. படுக்கவும் முடியவில்லை. நாற்காலியிலேயே தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். காலையில் பார்த்தால் தோளில் இருந்த ரத்தக்கட்டு முழங்கை வரை நீலமாக இறங்கியிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் பயந்து எழுந்தார்.

பெரிய ஆஸ்பத்திரியின் எலும்புப் பிரிவில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தோம். அந்த பெஞ்சில் உட்கார்ந்தால் இந்த ஜில்லாவே எதில் இடறி விழுகிறது என்று தெரிந்துவிடும். பைக்கில் போய்க் கழுத்தோரக் காறை எலும்பை முறித்துக்கொண்ட இளவட்டங்கள் நெஞ்சை நிமிர்த்தியபடி, முதுகில் எட்டுப் போல் பட்டை கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். மணிக்கட்டு உடைந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் என் வயதுப் பெண்கள். எல்லோருக்கும் ஒரே கதை. ஈரத்தரை, வழுக்கல், விழும்போது ஊன்றிய கை. கொய்யா மரத்திலிருந்து விழுந்த பெண் குழந்தை ஒன்று முழங்கைக்கு மேல் உடைந்து, அழுது ஓய்ந்து, அப்பாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. ஓர் ஆள் மட்டும் யார் கேட்டாலும் பேசவில்லை. சுண்டுவிரல் முட்டி உள்ளே இறங்கியிருந்தது. "கோவம் வந்து செவுத்தக் குத்துனாரு. செவுரு நல்லாத்தான் இருக்குது" என்று பக்கத்திலிருந்த அவர் மனைவி எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். களைப்பிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

எங்கள் முறை வந்தது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மேற்கை எலும்பு தோளுக்குள் நுழையும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே, அதன் கழுத்துப் பகுதியில், மெல்லிய கோடு.

"எலும்பு நகரல. ஆபரேஷன் வேணாம். மாவுக்கட்டும் வேணாம். இந்தத் துணித் தொட்டில்ல கைய மாட்டிக் கழுத்துல தொங்கவிட்டுக்குங்க. மூணு வாரம் கழிச்சு குனிஞ்சி நின்னு கைய தொங்கவிட்டு ஆட்டணும். ஆட்டலன்னா எலும்பு கூடினாலும் தோள் பூட்டிக்கும். புரியுதுங்களா?"

எனக்குப் புரிந்தது. அவருக்கு ஒரே ஒரு வார்த்தைதான் காதில் விழுந்தது. மாவுக்கட்டு வேணாம்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்த வார்த்தைதான் எங்களைப் படாதபாடு படுத்தியது. பார்க்க வந்தவர்கள் வாசலிலேயே முகம் சுளித்தார்கள். "கட்டே போடலியா? அப்போ இன்னா உடைஞ்சுது?" எங்கள் ஊரில் வெள்ளையாக, கனமாக, தட்டினால் சத்தம் வருகிற கட்டு இருந்தால்தான் அது உடைந்த கை. நீலத் துணித் தொட்டிலை யாரும் மதிப்பதில்லை. பஸ் முதலாளி போன் செய்தார். "கட்டு எப்ப பிரிப்பாங்க?" என்று கேட்டார். "கட்டு போடலீங்க" என்றார் இவர். "கட்டே போடலன்னா அப்புறம் இன்னாத்துக்குய்யா லீவு?" என்ற குரல் எனக்குச் சமையலறை வரை கேட்டது.

இன்னொன்றும் எல்லோரும் சொன்னார்கள். "நல்ல வேள, எடது கைதான். தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சி." இவர் தலையைக் குனிந்துகொள்வார். கண்டக்டருக்கு வலது கை எதற்கு? மிஷினில் டிக்கெட் அடிக்க, சில்லறை கொடுக்க. அதை யாரும் பழகிக்கொள்ளலாம். ஓடுகிற பஸ்ஸில் மேலே கம்பியைப் பிடித்து உடம்பை நிறுத்துவது இடது கை. விடிந்ததிலிருந்து இருட்டும் வரை அந்தக் கையில்தான் அவர் தொங்கிக்கொண்டிருந்தார். எங்கள் குடும்பமும் அதில்தான் தொங்கியது. இதை வந்தவர்களிடம் சொல்லிப் புரியவைக்க அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெம்பில்லை.

முதலாளி கெட்டவர் இல்லை. அடுத்த முறை பேசும்போது தணிந்து பேசினார். "மெதுவா வா. மேல கம்பியப் புடிக்க முடிஞ்சா உன் வண்டி உனக்கு. முடியலன்னா ஷெட்டுல ஒக்காந்து டீசல் டோக்கன் குடு." அவர் நல்லது நினைத்துத்தான் சொன்னார். இவருக்கு அது சுடுகாட்டுக்கு வழி காட்டிய மாதிரி இருந்தது. உட்கார்ந்து செய்கிற வேலை வேலையே இல்லை என்பது இவருடைய கட்சி. அதை, நாற்காலியில் உட்காரவே நேரமில்லாத டீச்சரான என்னிடமே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் கூட்டேரிப்பட்டில் ஏறுகிறவர் முதல் விக்கிரவாண்டியில் இறங்குகிறவர் வரை எல்லோர் கதையும் இவருக்குத் தெரியும். வீட்டில் வாய் திறக்கமாட்டார். பேச்சு முழுவதையும் அங்கேயே செலவழித்துவிட்டு வருவார்.

அந்த ஆள் இப்போது முழு நாளும் வீட்டில். காலையில் சமைத்துவிட்டு, அவரைக் குளிப்பாட்டி, உடைந்த கையை முதலில் நுழைத்துச் சட்டை போட்டு, கைலியை இறுக்கிக் கட்டிவிட்டு, தலை வாரிவிட்டு, விக்கிரவாண்டியில் உள்ள என் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவேன். சாயந்திரம் திரும்பினால் வந்தவர்கள் குடித்த டம்ளர்கள் வரிசையாக இருக்கும். எல்லோரும் பிரண்டைத் துவையல் கொண்டுவந்தார்கள். எலும்பு கூடுவதற்குப் பிரண்டை மாதிரி எதுவும் இல்லையாம். சரியாக வதக்காத பிரண்டையைத் தின்று அவருக்கு நாக்கும் தொண்டையும் அரித்து, அதற்கு நான் மோர் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வெறுப்பாக இருந்தது. அவர்மேல் இல்லை என்று சொன்னால் பொய்.

மூன்று வாரம் முடிந்தது. கையை ஆட்ட வேண்டிய நேரம். வந்தவர்கள் எல்லோரும் ஆட்டவே கூடாது என்றார்கள். ஆட்டினால் கூடின எலும்பு மறுபடி பிரிந்துவிடுமாம். இவரும் கையை மடியில் பச்சைக் குழந்தையைப் போல வைத்துக்கொண்டு, "அப்புறம் பாக்கலாம்" என்பார். நான் காலையில் "ஆட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போவேன். சாயந்திரம் "ஆட்டினீங்களா?" என்று கேட்பேன். "ஆட்டினேன்" என்பார். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை எப்படி முகத்தை வைத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியாதா?

அடுத்த முறை டாக்டர் பார்த்தபோது எலும்பு அழகாகக் கூடியிருந்தது. கையைத் தூக்கச் சொன்னார். நெஞ்சுக்கு மேல் வரவில்லை. தூக்குவதற்குப் பதில் உடம்பையே ஒரு பக்கம் சாய்த்தார். டாக்டர் திட்டவில்லை. "பூட்டிக்கிச்சு" என்று மட்டும் சொல்லி, உடற்பயிற்சி அறைக்கு அனுப்பினார். அங்கே இருந்த பெண் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் எறும்பு ஏறுவது போல மேலே மேலே ஏற வேண்டும். வலிக்கும், ஆனாலும் ஏற வேண்டும். தினமும். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் செய்தார். மூன்றாம் நாள், "அது சின்னப் பொண்ணு. அதுக்கு இன்னா தெரியும்" என்று விட்டுவிட்டார்.

அப்போதுதான் எதிர்வீட்டு அம்மா உள்ளே புகுந்தார். "டீச்சரு, தப்பா நெனைக்காதீங்க. மொதல்லயே தடவியிருந்தா இந்தப் பேஜாரு வந்திருக்காது. கண்டாச்சிபுரத்தாண்ட ஒருத்தி இருக்கறா. ரெட்ட ஆம்பளப் புள்ள பெத்தவ. உங்களுது பொண்ணுங்க. அதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்குதில்ல?"

நான் நம்பாத சக்தியிலும் எனக்கு இரண்டாம் இடம்தான் என்று தெரிந்ததும் கோபம் வந்தது. இது எப்படிப்பட்ட கோபம் என்று எனக்கே விளங்கவில்லை. ஆனால் பயமும் வந்தது. அந்தக் கண்டாச்சிபுரத்து அம்மாள் உலக்கையைத் தோளில் வைத்து உருட்டுவாராம். ஆளை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். இவரோ போகத் தயாராகச் சட்டையைக் கொடு என்றார்.

"போக வேணாம். நானே தடவுறேன்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. டாக்டர் எலும்பு கூடிவிட்டது என்று சொன்னபோதுகூட அப்படி மலரவில்லை.

"ஆனா மூணு நாள் கணக்கு சுளுக்குக்குத்தான். எலும்புக்கு ஒரு மண்டலம்" என்று சொல்லிவிட்டேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் தலையாட்டினார். ஒரு மண்டலம் என்றால் நாற்பத்தெட்டு நாள் நானும் கூடவே விடியுமுன் எழுந்திருக்க வேண்டும் என்பது அப்புறம்தான் உறைத்தது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதில்லை.

முறைகளையும் நானே வகுத்தேன். வெறும் வயிறு. கிழக்குச் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். நல்லெண்ணெயைச் சூடு பண்ணி, நோகாமல், தோளிலிருந்து கீழே தடவுவேன். அதன்பின் விரல்கள் சுவரில் ஏற வேண்டும். எட்டிய இடத்தில் மஞ்சள் தொட்டு ஒரு பொட்டு. மறுநாள் விரல் அந்தப் பொட்டுக்குக் கீழேயே நின்றுவிட்டால் தடவியது அத்தனையும் வீண். டாக்டரும் அந்தப் பெண்ணும் சொன்னதைத்தான் எண்ணெயும் மஞ்சளும் சேர்த்துச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் சொன்னபோது காதில் ஏறாதது, இரட்டைப் பிள்ளை பெற்றவள் சொன்னதும் ஏறியது. எனக்கு அதில் சந்தோஷம் இல்லை. படித்ததெல்லாம் எதற்கு என்றுதான் இருந்தது.

முதல் வாரம் கத்தினார். "சாவடிக்கிறியே" என்றார். என் வம்சத்தை இழுத்தார். நான் அவர் முழங்கையைத் தாங்கிக்கொண்டு, "இன்னும் ஒரு விரல்" என்றேன். பொட்டுகள் ஸ்விட்ச் போர்டைத் தாண்டின. மகள்களின் பள்ளிக்கூடப் போட்டோ வரைக்கும் வந்து, அங்கேயே நின்றுகொண்டன. நாள்கணக்கில் அதே இடம். எனக்குத் தோள் இறுகியது, இடுப்பு விட்டுப்போனது. பள்ளியில் பாடம் நடத்தும்போதே கண் செருகியது.

ஒரு நாள் காலை என்னால் எழுந்திருக்க முடியவில்லை. காய்ச்சல் எல்லாம் இல்லை, அலுப்புதான். அலாரத்தை அணைத்துவிட்டுப் படுத்திருந்தேன். கண்டாச்சிபுரம் போகட்டும், ஷெட்டில் உட்காரட்டும், எனக்கென்ன என்று நினைத்தேன். அவர் எண்ணெய்க் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு வந்து கட்டில் பக்கத்தில் நின்றார்.

"இன்னிக்கு வேணாங்க. நானே சொல்லிடறேன். இதுல ஒண்ணும் கெடயாது. அந்தப் பொண்ணு சொன்ன பயிற்சிதான் இது. மஞ்சள் பொட்டு, மண்டலம் எல்லாம் நான் கட்டிவிட்டது. நீங்களே பண்ணிக்கலாம்."

"எனக்குத் தெரியும்மே" என்றார்.

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"நான் இன்னா முட்டாளா? அந்தப் பொண்ணு சொல்லும்போது நானுந்தான இருந்தேன். எறும்பு மாதிரி ஏறணும்னு அதே வார்த்தையச் சொல்ற."

"அப்புறம் எதுக்கு இத்தினி நாளு என்னைப் போட்டுப் படுத்தறீங்க?"

கிண்ணத்தைக் கட்டிலோரம் வைத்தார். "நீ இஸ்கூலுக்குப் போனப்புறம் தனியா நின்னு பண்ணிப் பார்த்தேன். செவுத்துல வெரல வெச்சி ஏத்திக்கினு நின்னா, இது மேல போவவே போவாது, அவ்ளோதான் நம்ம கதன்னு தோணி அழுகை வந்துடுது. யாரும் இல்லாத வூட்டுல ஒக்காந்து அழுதுக்கினு இருந்தேன். நீ கூட நின்னா அழுகை வர்றதில்ல. கோவம்தான் வருது."

நான் எழுந்து தலையை முடிந்துகொண்டேன். அன்றைக்கும் தடவினேன். அன்றைக்கும் என் வம்சத்தைத் திட்டினார். போட்டோவைத் தாண்டவில்லை. அதற்கடுத்த வாரம் தாண்டினார்.

மண்டலம் முடிந்தபோது கை முழுவதுமாக மேலே போய்விடவில்லை. துணி காயப்போடுகிற கொடி வரை போகும். பரண்மேல் இருக்கிற பெட்டி வரை போகாது. பஸ் கம்பி இரண்டுக்கும் நடுவில் இருந்தது. அதனால் வீட்டில் இருந்து எதையும் சொல்ல முடியவில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் முதலாளி வரச் சொன்னார். "ஒரு டிரிப் போய்ட்டு வா. டிரைவர் சொல்லட்டும்."

அவருடைய பஸ்ஸில் நான் ஏறுவதே இல்லை. எல்லோருக்கும் கேட்கும்படி "டீச்சர், உள்ள போங்க" என்று வேண்டுமென்றே கத்துவார். அவர் பஸ்ஸுக்கு முன்னால் போகிற வண்டியிலோ பின்னால் வருகிற வண்டியிலோதான் பள்ளிக்கூடம் போவேன். அன்றைக்கு அவர் வண்டியிலேயே ஏறி, நடுவில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்தார். வழக்கம்போல் கத்தவில்லை. அவருக்குப் பதிலாக இத்தனை நாள் ஓடின செஞ்சிப் பக்கத்து ஆளும் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். இவரால் முடியாவிட்டால் திரும்பும்போது பையை வாங்கிக்கொள்ள.

விசில் ஊதினார். வண்டி கிளம்பியது. பஸ் நிலையம் தாண்டும் வரை சீட்டு முதுகைப் பிடித்தபடியே வந்தார். பிறகு இடது கையைத் தூக்கினார். தோள் ஓரிடத்தில் நின்றது. குதிகாலைத் தூக்கி எக்கினார். விரல்கள் கம்பியைத் தொட்டன, பிறகு சுற்றிக்கொண்டன. வலது கையில் மிஷின். முன்னாலிருந்து ஒவ்வொரு சீட்டாக வந்தார்.

கூட்டேரிப்பட்டு தாண்டியதும் சாலையில் ஆட்டு மந்தை ஒன்று குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக்கை அழுத்தினார். நின்றிருந்தவர்கள் எல்லோரும் முன்னால் சரிந்தார்கள். ஒரு பை என் காலடியில் வந்து விழுந்தது. நான் அவரைத்தான் பார்த்தேன். உடம்பு முழுவதும் அந்த ஒரு கையில் போய்த் தொங்கியது. முகம் வெளுத்தது. பல்லைக் கடித்தார். கை விடவில்லை. விழவில்லை. சத்தம்கூடப் போடவில்லை. முன் சீட்டில் இருந்த ஆள் திரும்பிப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆடுகள் போனதும், "ரைட், போலாம்" என்ற குரல் கேட்டது. இத்தனை வருஷமாக எனக்கு எரிச்சலூட்டிய அதே கரகரத்த குரல்.

விக்கிரவாண்டி வந்தது. என் ஸ்டாப். எழுந்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை. இத்தனை மாதமும் என்னை நிறுத்திவைத்திருந்தது எதுவோ அந்த பிரேக்கோடு விட்டுப்போய்விட்டது.

"டீச்சர், எறங்கலியா?" என்றார், கம்பியைப் பிடித்தபடி.

"விழுப்புரம் வரைக்கும் ஒண்ணு குடுங்க."

மிஷினில் அடித்துக் கொடுத்தார். பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து இன்றைக்கு லீவு என்றேன். காரணம் கேட்டதற்கு, உடம்பு சரியில்லை என்றேன். அப்புறம் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனேன்.